மட்டக்களப்பு வாவியில் பறவை பார்க்கும் படகு: 3,500 ரூபாய் கொடுக்கலாமா?

இந்தப் படகுச் சேவையைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம், மீதிப் பேர் ஒன்று, நடுவில் ஆளே இல்லை. ஒன்று போட்டவர்களின் முறைப்பாடு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: போன வருடம் சொந்தக்காரர் ஒருவர் போய்வந்து சேறு தெரியாத அளவுக்குப் பறவை என்று போனில் படம் காட்டினார், அதை நம்பி நாங்கள் பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டு விடியமுன் போனால் அங்கே கொஞ்சம் சாம்பல் குருவிகள் நின்றன, காசு வீண், ஏமாற்று வேலை.

அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படகுக்காரருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, அவர்களோடு எனக்கும் சில மனத்தாங்கல் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் வாவியில் இந்த வருடம் எத்தனை உள்ளான் (சேற்றில் மேய்கிற சின்னக் கரைப்பறவை) வந்து நிற்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. அதில் பெரும்பங்கு ஜூன், ஜூலை மாதங்களிலேயே வட சைபீரியாவில் முடிவாகிவிடுகிறது, அதுவும் எலிக்குச் சொந்தக்காரனான ஒரு சின்னப் பிராணியை வைத்து. இதைத் தெரிந்துகொண்டு போனால் பறவை குறைந்த வருடத்திலும் கொடுத்த காசுக்குப் பார்க்க விசயம் இருக்கிறது. தெரியாமல் போனால் நிறைந்த வருடத்தில்கூட அரை மணித்தியாலத்தில் கொட்டாவி வரும்.

சேவையின் பெயரை நான் போடவில்லை. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம், நகரத்தில் விசாரித்தால் யாரும் வழி சொல்வார்கள்.

முதலில் விபரம். படகு ஏறுவது வலையிறவுப் பாலத்துக்குக் கிட்ட. காலை ஐந்தே முக்காலுக்கு நிற்கச் சொல்வார்கள், ஆறு மணிக்கு முன்பே படகு வெளிக்கிட்டுவிடும், பிந்தினால் காத்திருக்கமாட்டார்கள் (சரிதான், வெயில் ஏறிவிட்டால் சேற்றுக்கு மேல் காற்று நடுங்கத் தொடங்கும், தொலைநோக்கியில் எல்லாம் நெளிந்துதான் தெரியும்). ஆளுக்கு 3,500 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே என்றால் பாதி. பைபர் படகு, ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். வாவி 56 கிலோமீட்டர் நீளம், அதில் அவர்கள் காட்டுவது ஒரு சின்னத் துண்டு, படுவான்கரைப் பக்கத்துச் சேற்றுத் திட்டுகளும் கண்டல் ஓரமும்தான். பாடும் மீன் கேட்கலாமா என்று கேட்காதீர்கள், அது வேறு ஆட்கள், வேறு நேரம்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது படகு ஓட்டுகிற ஐயா. மீன்பிடித் தொழிலில் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். திட்டுக்கு நல்ல தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றித்தான் கிட்டப் போவார், அதுவும் சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி வளைத்துக்கொண்டு. பறவை ஒன்று தலையைத் தூக்கினால் கம்பு நின்றுவிடும். எல்லாம் திரும்பவும் குனிந்து மேயத் தொடங்கிய பிறகுதான் அடுத்த ஊன்றல். ஒருமுறை படகில் இருந்த ஒருவர், கைதட்டிக் கிளப்பிவிடுங்கள் ஐயா, பறக்கிற மாதிரி வீடியோ எடுக்கவேண்டும் என்றார். ஐயா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகு ஆடுவதால் பெரிய தொலைநோக்கி அதற்குள் வேலைக்கு ஆகாது. ஆகவே ஒரு மணல் திட்டில் இறக்கி, முக்காலி வைத்து ஒவ்வொருவராகக் காட்டுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கவேண்டும், முழங்கால் வரை நனையும், கீழே சிப்பி ஓடு இருக்கிறது, பார்த்து மிதியுங்கள். நீளக் காற்சட்டையும் நல்ல சேலையுமாக வந்து படகிலேயே இருந்துவிட்டுப் போனவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களும் ஒரு நட்சத்திரம்தான் போட்டிருப்பார்கள்.

அந்தத் திட்டில்தான் வழிகாட்டுகிற தம்பியின் வேலை தொடங்குகிறது. வளைமூக்கு உள்ளான் கூட்டத்துக்குக் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, “அக்கா, எத்தனை நிற்குது என்று எண்ண வேணாம், எத்தனை விதமாக நிற்குது என்று மட்டும் பாருங்க” என்றார். நான் பார்த்தது செப்டம்பர் கடைசியில். முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், சின்னக் கோழிக்குஞ்சு அளவு, கறுப்புக் கால், நுனி கீழே வளைந்த நீளச் சொண்டு, பிறவி எடுத்ததே சேற்றைக் குத்தத்தான் என்பதுபோல ஒரே குத்து. இரண்டு நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தால் பிரிந்து தெரியத் தொடங்கும். சிலதின் நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது, முதுகுச் சிறகு அரைபட்டு, ஓரம் கிழிந்து, பழைய பாய் மாதிரி. அதுதான் தாய் தகப்பன் வயது, கோடையில் முட்டையிட்ட நேரத்து உடுப்பு இன்னும் முழுதாகக் கழரவில்லை. மற்றதுகள் புத்தம் புதுசு. நெஞ்சில் இளம் பீச் நிறம் மெல்லியதாகப் பூசியிருக்கும், முதுகில் ஒவ்வொரு சிறகுக்கும் வெளிறிய கரை, ஒன்றின்மேல் ஒன்று வரிசை குலையாமல் அடுக்கி வைத்ததுபோல. அதெல்லாம் அந்த வருடத்துக் குஞ்சு. முட்டையிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகியிராது, அதற்குள் 7,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்துவந்து வவுணதீவுப் பக்கத்துச் சேற்றில் நிற்கிறது, அதுவும் வழிகாட்ட ஒரு பெரியது இல்லாமல். இந்த இனத்தில் ஆண் அடைகாப்பதே கிடையாது, ஜூலை தொடக்கத்திலேயே கிளம்பிவிடும், தாய் கொஞ்சம் பின்னால், குஞ்சுகள் கடைசியாகத் தங்கள் பாட்டில் ஆகஸ்டில். இதைக் கேட்ட பிறகு இரண்டாம் முறை கண்ணாடிக்குள் பார்த்தேன், அந்தப் பீச் நெஞ்சுக்காரன் ஒரு புழுவை இழுக்கத் தெரியாமல் பாதியில் விட்டுக்கொண்டிருந்தான்.

தம்பியிடம் ஒரு கொப்பி இருக்கிறது. இந்தச் சேவைக்குக் கொடுக்கிற காசில் பாதி அந்தக் கொப்பிக்குத் தகும் என்பேன். ஒவ்வொரு பயணத்திலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த வளைமூக்கு உள்ளான்களில் பெரியது எத்தனை, குஞ்சு எத்தனை என்று இரண்டு நிரலில் எழுதி வைக்கிறார். மொத்தம் எத்தனை என்பதை அவர் பெரிதாக எடுப்பதில்லை, இரண்டு நிரலுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ஒரு வருடம் குஞ்சு நிரல் பெரியதை முந்திக்கொண்டு நிற்கிறது, அடுத்த வருடம் அதே நிரலில் பக்கம் பக்கமாகக் கோடும் பூச்சியமும்தான். இடம் அதேதான், ஐயா ஊன்றுகிற கம்பும் அதேதான்.

இனி அந்த எலிக் கதை. படகில் தம்பி இதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார், பாதி காற்றில் போய்விடுகிறது, அதனால் விளக்கமாக எழுதி வைக்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் இந்தியா, திபெத், சைபீரியா எல்லாம் தாண்டி யெனிசே ஆறு ஆர்க்டிக் கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். அதற்குக் கிழக்கே தைமிர் குடாநாடு. மரம் இல்லாத, அடிநிலம் எப்போதும் உறைந்து கிடக்கிற துந்திரா. வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது அங்கேயும் அதற்குக் கிழக்கே உள்ள ஆர்க்டிக் கரையோரமும்தான் பெரும்பாலும். ஜூனில் பனி உருக, தரையில் சின்னப் பள்ளம் பறித்து வழக்கமாக நாலு முட்டை. அதே தரையில் லெமிங் என்ற பிராணி வாழ்கிறது, எலி வகை, வால் கட்டை. மாரியில், அதாவது குளிர்காலத்தில், பனிக்கு அடியிலேயே குட்டி போடும். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதன் தொகை தாறுமாறாக ஏறி, பிறகு தடாலென்று விழுந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அங்கே எல்லாருடைய வயிறும் தொங்கிக்கொண்டிருக்கிறது: ஆர்க்டிக் நரி, பனி ஆந்தை, ஸ்குவா என்கிற கடற்பறவை.

லெமிங் நிறைந்த வருடத்தில் நரி உள்ளான் கூட்டைத் தேடித் திரிவது குறைவு, கையெட்டும் தூரத்தில் கொழுத்த லெமிங் ஓடும்போது அதற்கு நாலு சின்ன முட்டை எதற்கு. அந்தக் கோடை நரிக்கும் குட்டி அதிகம், ஆந்தைக்கும் குஞ்சு அதிகம், உள்ளானுக்கும் குஞ்சு அதிகம். பிரச்சினை அடுத்த வருடம். லெமிங் செத்து அடங்கிவிடும், ஆனால் போன வருடம் பெருகிய நரி உயிரோடு பசியோடு நிற்கும். பனி ஆந்தை இரை இல்லாவிட்டால் அந்த வருடம் முட்டையே இடாமல் வேறு இடம் பார்த்துப் போய்விடும், நரிக்கு அந்த வசதி குறைவு. அது துந்திராவைச் சல்லடை போட்டு முட்டையையும் குஞ்சையும் பொறுக்கும். அந்தக் கோடையில் உள்ளானுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாத இடங்களும் உண்டு. செப்டம்பரில் நமது வாவியில் செங்கல் திட்டு நெஞ்சுக்காரர்கள் மட்டும் வந்து நிற்பார்கள், பீச் நெஞ்சு ஒன்றையும் காணக் கிடைக்காது.

இது தம்பி கட்டிய கதை இல்லை. ரோசலார் என்பவர் 1979இல் வளைமூக்கு உள்ளானின் வரவையும் லெமிங் ஏற்ற இறக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினார், பிறகு 1980களில் சம்மர்ஸ் என்பவர் அதே தைமிரில் முட்டையிடுகிற பிரெண்ட் வாத்திலும் அதே தாளம் இருப்பதைக் காட்டினார். அந்த வாத்துகள் மாரிக்கு இங்கிலாந்து, நெதர்லாந்து கரைகளுக்குப் போகின்றன, அங்கே ஆட்கள் கூட்டத்தில் இளசு எத்தனை என்று வருடா வருடம் எண்ணுகிறார்கள், சில வருடம் மூன்றில் ஒன்றுக்கு மேல் இளசு, சில வருடம் தேடினாலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கிளைவ் மின்டன் என்பவரும் அவரோடு சேர்ந்த தொண்டர்களும் பல பத்தாண்டுகளாகக் கரையில் வலை வீசிப் பிடித்து, வளையம் போட்டு, இளசு எத்தனை சதவீதம் என்று வருடா வருடம் வெளியிட்டார்கள். மின்டன் 2019இல் காலமாகிவிட்டார், வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதாவது சைபீரியாவுக்கு ஒரு அடியும் எடுத்து வைக்காமல், பறவை மாரி கழிக்கிற ஊரில் நின்றுகொண்டே அங்கே போன கோடை எப்படிப் போனது என்று சொல்லலாம். தம்பியின் கொப்பி அதைத்தான் செய்கிறது, வலை இல்லாமல், கண்ணால். ஆகவே கொஞ்சம் பிழை இருக்கும், டிசம்பருக்குப் பிறகு குஞ்சுகள் சிறகு மாற்றிப் பெரியதோடு கலந்துவிடுவதால் பிழை கூடும். அதை அவரே சொல்கிறார். நவம்பரோடு அந்த நிரலை நிறுத்திவிடுவாராம்.

லெமிங் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்கவேண்டாம். காலநிலை இன்னொரு பக்கம். உள்ளான் குஞ்சுக்கு யாரும் ஊட்டுவதில்லை, பொரித்த நாளிலிருந்தே தானாக ஓடிப் பூச்சி பிடிக்கவேண்டும், குளிர்ந்தால் மட்டும் தாயின் வயிற்றுக்குக் கீழே. ஜூலையில் குளிர் மழை தொடர்ந்து பெய்தால் பூச்சியும் கிளம்பாது, குஞ்சும் சூடு தேடி ஒளிந்துகொண்டு மேயாது, நரி இல்லாமலே அழிந்துவிடும். பனி பிந்தி உருகினால் முட்டையிட இடமே இல்லை: 2018இல் வடகிழக்குக் கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க் பகுதியில் பனி அவ்வளவு பிந்தியது, அந்தக் கோடை தாவரம், பூச்சி, பறவை என்று ஏறக்குறைய எதுவுமே குட்டி குஞ்சு எடுக்கவில்லை. முந்தி உருகினாலும் வில்லங்கம், பூச்சி உச்சம் முந்திப் போய்விடும், குஞ்சு பிந்திப் பொரிக்கும். தைமிரில் முட்டையிடுகிற நொட் என்ற உள்ளான் இனத்தில், பனி முந்தி உருகிய வருடத்துக் குஞ்சுகள் உடல் சிறுத்தும் சொண்டு கட்டையாகியும் வளர்ந்ததை 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவை மாரிக்கு மேற்கு ஆபிரிக்காவின் மொரித்தானியாக் கரைக்குப் போய், சேற்றில் ஆழமாகப் புதைந்த மட்டியைச் சொண்டு எட்டாமல் திண்டாடின. வடக்கே நடந்த பிழை தெற்கே போய்த்தான் பசியாகத் தெரிந்தது.

லெமிங் தாளமே சில இடங்களில் குலைந்துவிட்டது. கிழக்குக் கிரீன்லாந்தில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்த ஏற்றங்கள் நின்றுபோய், பனி ஆந்தைகள் முட்டையிடுவதும் பெரும்பாலும் நின்றது. அது நம் வாவிக்கு வருகிற பறவைகளின் ஊர் இல்லை, ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, தம்பியோடு எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். பறவை குறைந்தால் எல்லாவற்றையும் சைபீரியாவின் தலையில் போடுகிறார். வாடிக்கையாளர் முகம் சுருங்கினால் உடனே, “அங்க நரி தின்றுபோட்டுது அக்கா.” அது வசதியான பதில், முழுப் பதில் இல்லை. முதலாவது, வாவியில் நிற்கிற எல்லாமே ஆர்க்டிக் சரக்கு கிடையாது. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பொன் உப்புக்கொத்தி எல்லாம் துந்திராக்காரர்கள், சரி. பொறி உள்ளான் அதற்குத் தெற்கே ஸ்கண்டினேவியாவிலிருந்து சைபீரியா வரை ஊசியிலைக் காட்டுச் சதுப்பில் முட்டையிடுவது. பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத்து மேட்டுநில ஏரிக்காரன், நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் நம் ஊரிலேயே குஞ்சு எடுப்பவை. ஒரு வருடம் இவை அத்தனையும் ஒன்றாகக் குறைந்தால் லெமிங்கைத் திட்டுவதில் நியாயம் இல்லை, இங்கே என்ன நடந்தது என்றுதான் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் மட்டம். ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறையில் போனவர்கள் என்பது அவர்கள் போட்ட திகதியைப் பார்த்தாலே தெரிகிறது. மாரி மழையில் வாவி நிறைந்து திட்டெல்லாம் மூழ்கிவிடும், குட்டைக் காலுள்ள உள்ளான் ஆழத் தண்ணீரில் எங்கே நிற்கும்? அவை வயலுக்கோ வேறு கரைக்கோ போய்விடும். முகத்துவாரம் வெட்டுப்பட்டுத் தண்ணீர் வடிந்தால் ஒரே கிழமையில் காட்சி மாறும். அந்த நாட்களிலும் அவர்கள் முன்பதிவு எடுத்துக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் ஏறியிருக்கிறது, சேற்றுப் பறவை குறைவு, ஆலாவும் கொக்கும் நீர்க்காகமும்தான் பார்க்கலாம் என்று போனிலேயே சொல்லிவிட்டால் இந்த ஏச்சில் பாதி வராது.

மூன்றாவது, வருடா வருடம் ஏறி இறங்குவதைக் காட்டிக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லக் கீழே போவது கண்ணில் படாது. வளைமூக்கு உள்ளானை 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக ஒரு படி இறக்கி வைத்திருக்கிறார்கள், அதுவரை அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்றுதான் இருந்தது. அதே பட்டியலில் சாம்பல் உப்புக்கொத்தியும் அப்போதே இறங்கியது. நல்ல லெமிங் வருடம் ஒன்று வந்தால் பள்ளம் கொஞ்சம் நிரம்பும், ஆனால் வழியில் மேய்கிற சேறு இல்லாமல் போனால் நிரம்பியதும் ஒழுகிவிடும். நம் பக்கத்தில் வாவி ஓரத்தை மண் போட்டு நிரப்புவதையும் குப்பை கொட்டுவதையும் படகில் இருந்தே பார்க்கலாம், தம்பி அந்தப் பக்கம் கண்ணாடியைத் திருப்புவதில்லை. தொழில் செய்கிறவருக்கு ஊரில் பகை வேண்டாம் என்பது விளங்குகிறது, ஆனாலும் ஒரு வரியாவது சொல்லலாம்.

இனிச் சின்னக் குறைகள். அவர்கள் கொடுக்கிற பைனாகுலர் ஆறு பேருக்கு மூன்று, அதில் ஒன்றின் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் காலைப்பனி மாதிரி ஒரு வெள்ளை. சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள், 8க்கு 42 அளவு போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் படகில் கை நடுக்கம்தான் பெரிதாகும். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கிறது, கட்டச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், நல்லது, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு ஒன்றோ இரண்டோதான், முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். கழிப்பறை கிடையாது, வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வர ஒரு நாள் ஆகிறது, போன் எடுத்தால் உடனே பேசுகிறார்கள்.

சாப்பாடு விலையில் சேர்ந்ததுதான், கரைக்கு வந்ததும் இடியப்பம், சொதி, இறால் பொரியல், பிளேன்டீ. ஐயாவின் வீட்டில் சமைத்து வருவது. சொதியில் கருவேப்பிலை வாசமும் பாலும் சரியாக இருந்தது, இறாலில் உறைப்புக் கூட, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் கண்ணீர் விட்டார்கள். மரக்கறி ஆட்கள் முதல் நாளே சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் சொதி மட்டும்தான்.

எந்த மாதம் என்று கேட்கிறவர்களுக்கு: குஞ்சும் பெரியதும் வித்தியாசம் தெரியவேண்டும் என்றால் செப்டம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை, மழை தொடங்குமுன். அப்போது தண்ணீரும் இறங்கித் திட்டு வெளியே நிற்கும். எண்ணிக்கையும் கூட்டமும் வேண்டும் என்றால் பெப்ரவரி, மார்ச். ஏப்ரல் தொடக்கம் என் சொந்த விருப்பம், வெயில் கொல்லும், ஆனால் வடக்கே திரும்பப் போகிற பெரியவை அப்போது முழுச் செங்கல் சிவப்புக்கு மாறி, பறக்கக் கொழுப்புச் சேர்த்து வயிறு உருண்டு நிற்கும். போன செப்டம்பரில் பீச் நெஞ்சோடு வந்தவற்றில் பல நிறமே மாறாமல் சாம்பலாக இருக்கும், முதல் வருடம் அவை வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். ஜூனில் வாவியில் சில உள்ளான் நிற்பதைக் கண்டு, இது வழி தவறியது பாவம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வழி தவறவில்லை, இன்னும் வயது வரவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், எட்டு வயதுக்கு மேல் என்றால் நல்லது. தம்பி அவர்கள் கையில் ஒரு கடதாசியைக் கொடுத்து, சிவப்புத் திட்டு உள்ளது ஒரு பக்கம், கரை போட்ட முதுகு மறு பக்கம் என்று கோடு போடச் சொல்கிறார். என்னோடு வந்த மருமகன் அதில் இறங்கியபிறகு போனை எடுக்கவே இல்லை. ஜனவரியில் நடக்கிற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 1987 முதல் நடப்பது, அடிப்படையில் இதே வேலைதான், ஆர்வமுள்ள பிள்ளை என்றால் பிறகு அதற்கும் அனுப்பலாம்.

விலை கூட என்று சொல்கிறவர்களுக்கு: அவ்வளவு பேர் ஏறாத நாளிலும் அவர்கள் அதே 3,500தான் வாங்குகிறார்கள், இரண்டு பேருக்கும் படகு எடுக்கிறார்கள், எரிபொருள் விலை தெரியும்தானே. நான் நான்கு நட்சத்திரம் போடுகிறேன். பைனாகுலரைத் திருத்தி, மாரிக்காலத்தில் உண்மையைச் சொல்லிப் பதிவு எடுத்தால் ஐந்தாவதையும் போட எனக்குத் தடை இல்லை.

போகிறவர்கள் முதல் நாள் பின்னேரம் போன் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: திட்டு வெளியே நிற்கிறதா, இந்த வருடம் குஞ்சு நிரல் எப்படிப் போகிறது. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் திகதியை மாற்றித் தரச் சொல்லுங்கள், எனக்கு ஒருமுறை முற்பணத்தைப் பிடிக்காமல் மாற்றித் தந்தார்கள். உங்களுக்குத் தரமாட்டோம் என்றால் கீழே எழுதுங்கள், நான் நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.